தாவாரமா, தாவரமா: ஒரு பொடிக்கும் ஒரு முறுக்கு உழக்குக்கும் அமெரிக்காவில் பதிவு தேடிய கதை

2021 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூஜெர்சி எடிசனில் இருக்கும் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். மளிகைக் கடை அடுக்கில் ஒரு முறுக்குப் பொட்டலம். அதன் மேல் ஆங்கில எழுத்தில் எங்கள் பெயர். கூடவே ஒரு வரி: “அண்ணே, முறுக்கும் போட ஆரம்பிச்சிட்டீங்களா? சொல்லவே இல்ல!”

நாங்கள் முறுக்கு போடவில்லை. டாலஸ் பக்கம் இருந்துகொண்டு பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளு மிளகாய்ப் பொடி இவ்வளவுதான் செய்கிறோம். பெயர் ‘தாவாரம்’. காரைக்குடிப் பக்கத்து எங்கள் பழைய வீட்டில் அப்பத்தா பொடி இடித்த இடம் முற்றத்தை ஒட்டிய தாவாரம்தான். புத்தகத் தமிழில் தாழ்வாரம். ஆங்கிலத்தில் எத்தனை ‘ஏ’ போடுவது என்று ஒரு வாரம் வீட்டில் சண்டை நடந்து, பார்க்க அழகாக இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் ஒற்றை ‘ஏ’ போட்டோம். அந்த அழகுக்குக் கொடுத்த விலைதான் இந்தக் கதையில் பாதி.

படத்தைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், கோப்பைத் திறந்து டெக்சஸ் அரசு கொடுத்த டிரேட்மார்க் சான்றிதழைத் தேடியது. 2019-ல் ஐம்பது டாலர் கட்டி வாங்கியது. அதைப் படமெடுத்து, “உடனே நிறுத்தவும், இல்லையென்றால் வழக்கு” என்று அந்த நியூஜெர்சிக்காரருக்கு ஆங்கிலத்தில் நாலு வரி அடித்தும்விட்டேன். அனுப்பு பட்டனை அழுத்துவதற்குள் மனைவி கேட்டாள்: “அந்த பேப்பர்ல டெக்சஸ்னுதானே போட்டிருக்கு? நியூஜெர்சில அது செல்லுமா?”

செல்லாது. அது எனக்குத் தெரியாது.

எங்கள் வணிகம் 2018 பொங்கலுக்குத் தமிழ்ப் பள்ளி விழாவில் ஒரு மடக்கு மேசையில் ஆரம்பித்தது. டெக்சஸில் வீட்டுச் சமையலறையில் செய்த சில வகை உணவுகளை லைசென்ஸ் இல்லாமல் நேரடியாக விற்க ஒரு மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. உலர்ந்த பொடிக்கு அதில் இடம் உண்டு. 2019-ல் முந்நூறு டாலர் கட்டி எல்.எல்.சி. (சொந்தக்காரர் பொறுப்புக்கு வரம்பு உள்ள சின்னக் கம்பெனி) பதிவு செய்தோம். அன்று மாநிலத் தலைநகர் ஆஸ்டினிலிருந்து பெயர் கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்ததும், பெயர் நமக்கே சொந்தம் என்று நினைத்து அல்வா கிண்டினோம். கம்பெனிப் பெயர்ப் பதிவு என்பது, இதே பெயரில் அந்த மாநிலத்தில் இன்னொரு கம்பெனி கோப்பு இல்லை என்பதற்கான ஏற்பாடு மட்டுமே. கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் கொடுக்கும் டி.பி.ஏ., அதாவது வணிகம் வெளியில் வழங்கும் பெயரின் பதிவும் அப்படியே. இந்தப் பெயரைப் பார்த்தால் இன்னார் சரக்கு என்று வாங்குபவர் நினைக்கிறாரே, அந்த அடையாளத்தின் மேல் உள்ள உரிமைதான் டிரேட்மார்க். அது தனிக் கணக்கு. ஒரு நண்பர் சொன்ன பிறகுதான் மாநில டிரேட்மார்க்குக்கும் விண்ணப்பித்தேன். கிடைத்ததும் லேபிளில் வட்டத்துக்குள் ஆர் போட்டு ஆயிரம் ஸ்டிக்கர் அச்சடித்தேன். அதுவும் தப்பு. அந்த வட்ட ஆர் ஃபெடரல் பதிவு, அதாவது நாடு முழுவதுக்குமான மத்திய அரசுப் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் உரியது. மாநிலப் பதிவு வைத்திருப்பவரும் பதிவே இல்லாதவரும் டி.எம். என்றுதான் போடலாம். ஆயிரம் ஸ்டிக்கரில் எழுநூறு இன்னும் கராஜில் கிடக்கின்றன.

ஒரு மணி நேரத்துக்கு முந்நூறு டாலர் வாங்கும் டிரேட்மார்க் வக்கீல் ஒருவரிடம் போனோம். அவர் எங்கள் சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, இல்லினாய் மாநிலத்தில் மட்டூன் என்ற சின்ன ஊரின் கதையைச் சொன்னார். அந்த ஊரில் ஹூட்ஸ் என்ற தம்பதி ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தார்கள். கடைக்குப் பெயர் ஃப்ரிஜிட் குவீன். 1957-ல் பக்கத்தில் ஒரு பர்கர் கடை திறந்தபோது, குவீன் இருக்கிறாளே, கிங் வேண்டாமா என்று பர்கர் கிங் என்று பெயர் வைத்தார்கள். ஃப்ளோரிடாவில் அதே பெயரில் ஒரு கம்பெனி வளர்ந்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. 1959-ல் இல்லினாய் மாநிலத்தில் பதிவும் செய்துகொண்டார்கள். ஃப்ளோரிடா கம்பெனி 1961 ஜூலையில் இல்லினாய்க்குள் ஸ்கோக்கியில் கடை போட்டது, அதே ஆண்டு அக்டோபரில் ஃபெடரல் பதிவு வாங்கியது. வழக்கு 1968-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. மாநிலச் சான்றிதழ் இருப்பதால் இல்லினாய் முழுவதும் எங்களுக்கே என்றார்கள் ஹூட்ஸ் குடும்பத்தார். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. நல்லெண்ணத்தோடு உண்மையில் வியாபாரம் செய்துவந்த இடம் மட்டும்தான் உங்களுக்கு என்றது. அது மட்டூனைச் சுற்றி இருபது மைல். மற்ற இல்லினாய் எல்லாம் பெரிய கம்பெனிக்குப் போயிற்று.

“நீங்கள் ஹூட்ஸா, ஃப்ளோரிடா கம்பெனியா என்பது இன்னும் முடிவாகவில்லை,” என்றார் வக்கீல். “யார் முதலில் ஃபெடரல் விண்ணப்பம் போடுகிறார்களோ அதைப் பொறுத்தது நிறைய.”

அமெரிக்காவில் டிரேட்மார்க் உரிமை பிறப்பது பதிவால் அல்ல, பயன்பாட்டால். ஒரு பெயரில் சரக்கு விற்க ஆரம்பித்த அன்றே, விற்ற வட்டாரத்துக்குள் உரிமை முளைத்துவிடுகிறது. மாநிலப் பதிவு அதற்கு மாநில நீதிமன்றத்தில் ஒரு பிடிமானம் கொடுக்கும், அவ்வளவுதான். 1946-ல் வந்த லான்ஹாம் சட்டத்தின் கீழான ஃபெடரல் பதிவோ, அது கைக்கு வந்ததும், விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்தே நாடு முழுவதும் முன்னுரிமை தருகிறது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே நல்லெண்ணத்தோடு வேறொரு வட்டாரத்தில் அதே பெயரைப் பயன்படுத்தியவரை அவர் இடத்திலிருந்து கிளப்ப முடியாது. ஆகவே எங்கள் விண்ணப்பம் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் நியூஜெர்சிக்காரர் இன்னும் நாலு கடைகளில் அடுக்குப் பிடிக்கலாம். வக்கீலின் ஆலோசனை ஒரே வரி: முதலில் விண்ணப்பம், பிறகு போன். நான் நேர்மாறாகச் செய்ய இருந்தேன்.

சரி, உடனே போட்டுவிட்டோமா என்றால் இல்லை. தேதிச் சிக்கல். விண்ணப்பத்தில் இரண்டு தேதி கேட்கிறார்கள்: எங்காவது முதலில் விற்றது எப்போது, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் முதலில் விற்றது எப்போது. முதல் தேதி 2018 ஜனவரி. இரண்டாவதற்கு, 2019-ல் ஓக்லஹோமா நண்பருக்கு வீட்டிலிருந்து காசு வாங்கிக்கொண்டு அனுப்பிய ஆறு பாக்கெட்டைச் சொன்னேன். எவ்வளவு சின்ன விற்பனையானாலும் போதும் என்று படித்திருந்தேன். அது உண்மைதான். இல்லினாயில் ஒரு தேவாலயம் வெளிமாநிலத்தவர் ஒருவருக்கு இரண்டே இரண்டு தொப்பி விற்றது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்தான் என்று 2016-ல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. எதிரே நின்றது அடிடாஸ். ஆனால் வக்கீல் தலையை ஆட்டினார். பயன்பாடு சட்டப்படியானதாக இருக்க வேண்டும். வீட்டுச் சமையலறைச் சட்டத்தின் கீழ் செய்ததை மாநிலத்துக்குள்தான் விற்கலாம். “அந்த ஆறு பாக்கெட்டை மறந்துவிடுங்கள்,” என்றார். 2021 மார்ச்சில் வாடகைக்கு எடுத்த லைசென்ஸ் உள்ள சமையலறையில் செய்து ஓக்லஹோமாவின் டல்சாவுக்கு அனுப்பிய பார்சல்தான் எங்கள் அதிகாரபூர்வமான முதல் தேதி. அதன் தபால் ரசீதை மனைவி ஒரு பழைய பொன்வண்டு சோப்பு டப்பாவில் மற்ற ரசீதுகளோடு போட்டு வைத்திருந்தாள். அந்த டப்பா இப்போது வக்கீல் வாயால் ‘ஆவணக் காப்பகம்’ என்று அழைக்கப்படுகிறது.

இன்னொரு சிக்கல், யார் பெயரில் போடுவது. டெக்சஸ் பதிவு மனைவியின் சொந்தப் பெயரில் இருந்தது. வணிகம் செய்வது எல்.எல்.சி. ஃபெடரல் விண்ணப்பத்தில் உரிமையாளர் அல்லாதவர் பெயரைப் போட்டால் விண்ணப்பமே செல்லாது, பின்னால் திருத்தவும் முடியாது, புதிதாகப் போட வேண்டும். முதலில் மனைவியிடமிருந்து எல்.எல்.சி.க்கு ஒரு உரிமை மாற்றப் பத்திரம் எழுதி, அப்புறம்தான் விண்ணப்பம். இப்படி எல்லாம் இழுத்து 2022 மார்ச்சில் போட்டோம். 30-ஆம் வகுப்பு, அதாவது மசாலா, மாவு, காபி, டீ எல்லாம் வரும் இனம். அன்று எளிய விண்ணப்பத்துக்கு 250 டாலர். 2025 ஜனவரியிலிருந்து அடிப்படைக் கட்டணம் வகுப்புக்கு 350. சரக்கு விவரத்தை அவர்கள் பட்டியலிலிருந்து எடுக்காமல் சொந்த வார்த்தையில் எழுதினால் இன்னும் 200. ‘கறிவேப்பிலைப் பொடி’ என்று ஆசையாக எழுதாமல் ‘மசாலாப் பொடிகள்’ என்று பட்டியலில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

டிசம்பரில் ஃபெடரல் டிரேட்மார்க் அலுவலகத்தில் எங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் பரிசோதகரின் கடிதம் வந்தது. அதே மாதம்தான் பதில் சொல்லும் அவகாசத்தை ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைத்திருந்தார்கள். இன்னும் மூன்று மாதம் வேண்டுமென்றால் 125 டாலர் கட்டி நீட்டிக்கொள்ளலாம். கடிதத்தில் இரண்டு விஷயம். ஒன்று, நான் இணைத்த படம். கணினியில் வரைந்த பாக்கெட் படத்தை அனுப்பியிருந்தேன். உண்மையில் விற்கும் பாக்கெட்டின் படம் வேண்டும் என்றார்கள். நியாயம்தான். சமையலறை மேடையில் வைத்து, கொஞ்சம் கசங்கிய பாக்கெட்டையே படமெடுத்து அனுப்பினேன். அது போதும்.

இரண்டாவது விஷயம்தான் ரசமானது. வேற்றுமொழிச் சொல் என்றால் அதன் பொருளை ஆங்கிலத்தில் தர வேண்டும். நாங்கள் ‘முற்றத்தை ஒட்டிய சாய்ப்புக் கூரைப் பகுதி’ என்று கொடுத்திருந்தோம். பரிசோதகர் தேடியபோது அதே ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழில் ‘செடி’ என்ற பொருள் கிடைத்திருக்கிறது. தாவரம்! உணவுப் பொருளுக்குச் செடி என்று பெயர் வைத்தால் அது சரக்கை வர்ணிக்கும் சொல்லாகலாம். வெறும் வர்ணனைச் சொல்லை முதன்மைப் பதிவேட்டில் எளிதில் ஏற்க மாட்டார்கள். தமிழில் இருக்கிறதே, அமெரிக்காவில் யாருக்குப் புரியும் என்று வாதாட முடியாது. வேற்றுமொழிச் சொல்லை மொழிபெயர்த்துப் பார்ப்பதுதான் அவர்கள் முறை. ‘பொடி’, ‘காரம்’, ‘செட்டிநாடு’ என்றெல்லாம் முதலில் யோசித்த பெயர்கள் இந்த இடத்தில்தான் அடிபட்டிருக்கும். முதல் இரண்டும் சரக்கின் வர்ணனை, மூன்றாவது ஊர். அப்பத்தா பெயரையே வைக்கலாமே என்றால், உயிரோடிருக்கும் ஒருவரைக் குறிக்கும் பெயருக்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அப்பத்தா இப்போது இல்லை என்பதால் எங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அந்தப் பெயரில் ஊருக்குப் பத்துக் கடை.

பதிலுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் தாழ்வாரம் என்ற சொல் இருக்கும் பக்கம், பேச்சில் அது தாவாரம் ஆவது பற்றி ஒரு விளக்கம், எங்கள் லேபிளில் தமிழ் எழுத்தில் நெடிலோடு பெயர் இருக்கும் படம் எல்லாவற்றையும் அனுப்பினோம். ஒரு கால் எழுத்து எவ்வளவு பெரிய ஆள் என்று அமெரிக்க அரசாங்கத்துக்கு விளக்கிய பெருமை எனக்கு உண்டு. ஏற்றுக்கொண்டார்கள். இதையொட்டித் தமிழ் எழுத்துப் பெயரையும் தனியாக விண்ணப்பித்தோம். சாதாரண எழுத்து விண்ணப்பம் லத்தீன் எழுத்துக்கு மட்டும்தான். தமிழ் எழுத்தை ஒரு படமாக, சிறப்பு வடிவமாகத்தான் கொடுக்க முடியும். இன்னொரு கட்டணம், ஆனால் வீணில்லை.

விண்ணப்பம் போட்ட மறுவாரமே நியூஜெர்சிக்காரருக்குப் போன் செய்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் பேசினேன். அவர் சொன்னார்: “தாவாரமா? சார், நான் தாவரம்னுதான் வச்சேன். நெய், வெண்ணெய் எதுவும் கிடையாது, முழு வீகன் முறுக்கு. அதான் தாவரம்.” பத்து விநாடி இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் சிரித்துவிட்டோம். தமிழில் எழுதினால் இரண்டு வேறு பெயர்கள். ஒற்றை ‘ஏ’ போட்ட ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து ஒன்று. 2020 தீபாவளியிலிருந்து விற்றிருக்கிறார். எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை.

அவர் எங்களைவிடப் பின்னால் ஆரம்பித்தவர், ஆனால் எங்கள் விண்ணப்பத் தேதிக்கு முன்னால், தூரத்தில், நல்லெண்ணத்தோடு ஆரம்பித்தவர். இந்த நிலை அமெரிக்க நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. 1916-லேயே டீ ரோஸ் என்ற ஒரே பெயரில் கோதுமை மாவு விற்ற இரண்டு கம்பெனிகளின் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போய், தொலைவான சந்தையில் தெரியாமல் பெயர் வைத்தவருக்கு அந்தச் சந்தை என்று தீர்ந்தது. வழக்குப் போட்டால் இரண்டு பேருக்கும் முறுக்கு விற்ற காசும் பொடி விற்ற காசும் போய்விடும். ஐந்து பக்கத்துக்கு ஒரு ஒப்பந்தம் எழுதினோம். அவர் நியூஜெர்சிக்குள் மட்டும், முறுக்கு சீடைக்கு மட்டும், தன் கடைப் பெயரை மேலே பெரிதாகப் போட்டு விற்கலாம். பொடிப் பக்கம் வரக் கூடாது. ஆன்லைனில் இந்தப் பெயர் எங்களுக்கு. 2023-ல் எங்கள் பெயர் அரசிதழில் வெளியாகி, யாராவது ஆட்சேபிக்கலாம் என்று முப்பது நாள் காத்திருந்தபோது அவர் ஆட்சேபிக்கவில்லை. அந்த ஆண்டு முடிவில் பதிவு வந்தது. மின்சான்றிதழ்தான். அம்மாவுக்காக பிரின்ட் எடுத்து ஃப்ரேம் போட்டோம்.

பதிவு வந்த கையோடு வேறு கடிதங்களும் வர ஆரம்பிக்கும். கழுகுச் சின்னம், ‘டிரேட்மார்க்’ என்று தொடங்கும் ஏதோ அலுவலகப் பெயர், ஆயிரம் டாலருக்குப் பக்கத்தில் ஒரு தொகை, கட்ட வேண்டிய கடைசி நாள். எங்களுக்கு முதல் ஆறு மாதத்தில் ஒன்பது வந்தன. பதிவேடு பொதுவில் இருப்பதால் முகவரியை எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையான அலுவலகம் வர்ஜீனியா மாநிலம் அலெக்ஸாண்ட்ரியாவில் இருக்கிறது, மின்னஞ்சல் அதன் அரசு முகவரியிலிருந்துதான் வரும். மற்றதெல்லாம் குப்பைத் தொட்டிக்கு. உண்மையில் கட்ட வேண்டியது ஐந்தாம் ஆண்டு முடிந்து ஆறாம் ஆண்டுக்குள், இன்னும் பயன்படுத்துகிறோம் என்ற உறுதிமொழியோடு. பிறகு பத்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பு. தவறினால் கொஞ்சம் கூடுதல் பணத்தோடு ஆறு மாதம் சலுகை, அதற்கு மேல் பெயர் போய்விடும்.

இனி உழக்குக் கதை. இதில் நான் சொதப்பியது அதிகம்.

எங்கள் ஊரில் முறுக்கு உழக்கு என்போம், மனைவி ஊரில் அச்சு. 2020-ல் இங்கே வந்திருந்த அம்மா கோவிட்டால் திரும்ப முடியாமல் ஒன்றரை வருடம் தங்கினார்கள். மணிக்கட்டு வலியோடு பித்தளை உழக்கை அமுக்குவதைப் பார்த்துவிட்டு ஒன்று செய்தேன். குளியலறை இடுக்கில் சிலிகான் பூசும் துப்பாக்கி போல, பிடியை அமுக்க அமுக்கப் பல்பல்லாகத் தண்டு முன்னேறும். வலியில்லாமல் மாவு வரும். ஆனால் கையை எடுத்த பிறகும் உள்ளே அழுத்தம் இருப்பதால் மாவு வால் விட்டுக்கொண்டு வழியும், முறுக்கு வட்டம் முடியாது. அதற்குக் கட்டைவிரலில் ஒரு பட்டன். அமுக்கினால் தண்டு நெல்லளவு பின்வாங்கும், மாவு அறுந்து நிற்கும். கோயம்புத்தூர் லேத் பட்டறை ஒன்றில் பதினைந்து உழக்கு செய்து வரவழைத்து, 2021 அக்டோபர் கடைசியில் தீபாவளிச் சந்தையில் 45 டாலருக்குப் பதினொன்று விற்றேன். ‘பேட்டன்ட் பென்டிங்’ (கண்டுபிடிப்புக் காப்புரிமைக்கு விண்ணப்பம் நிலுவையில்) என்று ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தேன், விண்ணப்பம் எதுவும் போடாமலே. அது சட்டப்படி தவறு என்று பிற்பாடு தெரிந்து, மீதி நாலிலிருந்து சுரண்டி எடுத்தேன்.

டெக்சஸில் பேட்டன்ட் எங்கே பதிவது என்று வக்கீலிடம் கேட்டேன். மாநிலத்தில் பேட்டன்ட் கிடையாது என்றார். அரசியலமைப்புச் சட்டமே கண்டுபிடிப்பாளர் உரிமையை நாடாளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. 1790 ஜூலை 31-ல் பொட்டாஷ் தயாரிக்கும் முறைக்குச் சாமுவேல் ஹாப்கின்ஸுக்குக் கிடைத்த முதல் பேட்டன்ட்டில் ஜார்ஜ் வாஷிங்டனே கையெழுத்துப் போட்டார். டிரேட்மார்க்குக்கு அந்த இடம் இல்லை. முதலில் வந்த ஃபெடரல் டிரேட்மார்க் சட்டத்தை 1879-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடியே செய்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் என்ற வாசல் வழியாகத்தான் அது திரும்ப வந்தது. அந்த ஓக்லஹோமா ஆறு பாக்கெட் தகராறுக்கு மூலம் இதுதான். உழக்கின் உருவத்தையாவது மாநிலச் சட்டத்தில் காப்பாற்ற முடியாதா என்றேன். ஃப்ளோரிடா மாநிலம் படகு உடலைப் பார்த்து அச்செடுப்பதைத் தடை செய்து ஒரு சட்டம் போட்டு, 1989-ல் அதை உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கிய கதையைச் சொன்னார். பேட்டன்ட் இல்லாத பொருளை யாரும் பார்த்துச் செய்யலாம், மாநிலம் குறுக்கே வரக் கூடாது.

ஆனால் மாநிலச் சட்டம் வேறு வழியில் உள்ளே வந்தது. நான் பகலில் ஒரு கம்பெனியில் மெக்கானிக்கல் இன்ஜினியர். வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்திட்ட நாற்பது பக்கத்தில், பணிக்காலத்தில் நான் கண்டுபிடிக்கும் எல்லாமே கம்பெனிக்கு என்று ஒரு பத்தி. பேட்டன்ட் ஃபெடரல்தான், ஆனால் அது யாருக்குச் சொந்தம் என்பது பெரும்பாலும் ஒப்பந்தம், ஒப்பந்தம் மாநிலச் சட்டம். கலிஃபோர்னியாவில் இருந்திருந்தால், சொந்த நேரத்தில், கம்பெனிக் கருவி தொடாமல், கம்பெனித் தொழிலுக்குச் சம்பந்தமில்லாமல் செய்ததை அப்படிப் பறிக்க முடியாது என்று தொழிலாளர் சட்டமே சொல்கிறது. வாஷிங்டன், இல்லினாய் மாநிலங்களிலும் இப்படி உண்டு. டெக்சஸில் இல்லை. மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் எழுதி, “முறுக்கு என்றால் என்ன” என்பதற்கு மூன்று முறை விளக்கம் கொடுத்து, எங்களுக்கு இதில் உரிமை இல்லை என்று ஒரு தாள் வாங்க இரண்டரை மாதம். இங்கே ஐ.டி.யில் இருக்கும் நம்மவர்கள் வார இறுதியில் எதையாவது செய்தால் முதலில் அந்தப் பத்தியை எடுத்துப் படியுங்கள். எச்1பி விசாவில் இருந்தால் அதற்கும் முன்னால் குடியேற்ற வக்கீல். எனக்கு அப்போது கிரீன் கார்டு வந்துவிட்டிருந்தது.

தாள் வந்து சேர்வதற்குள் 2022 ஆகஸ்ட். “முதல் விற்பனை எப்போது?” என்று கேட்ட பேட்டன்ட் வக்கீல், பதிலைக் கேட்டு நாட்காட்டியைத் திருப்பினார். விற்ற, காட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் இங்கே விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் கண்டுபிடிப்பு ஊர்ச் சொத்து. தீபாவளிச் சந்தை நடந்த பள்ளிக்கூட வண்டி நிறுத்துமிடத்தில் விற்ற பதினொன்றும் விற்பனைதான். செப்டம்பரில் தற்காலிக விண்ணப்பம் போட்டோம். வருமான வரம்புக்குள் இருக்கும் தனிநபருக்கு இது மலிவு, இன்றைய கட்டணம் 65 டாலர். யாரும் பரிசோதிக்க மாட்டார்கள், பன்னிரண்டு மாதத்துக்கு இடம் பிடித்துக் கொடுக்கும். அதற்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும். எழுதாததற்குப் பின்னால் தேதி கேட்க முடியாது என்பதால், மனதில் தோன்றிய எல்லா மாற்றத்தையும் எழுதச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரு படம் கிறுக்கினேன்: ஒவ்வொரு அச்சுத் தட்டின் விளிம்பிலும் ஒரு சின்ன நாக்கு, தட்டைப் போட்டதும் அது தண்டு எவ்வளவு பின்வாங்க வேண்டும் என்று தீர்மானிக்கும். ஓமப்பொடிக்குக் கொஞ்சம், முள்ளு முறுக்குக்கு அதிகம்.

இந்தியாவில் பேட்டன்ட் எடுக்கலாமா என்றால், அது போயேபோய்விட்டது. அங்கே இந்த ஓராண்டுச் சலுகை பொதுவாகக் கிடையாது. உலகில் எங்கே பகிரங்கமாக விற்றிருந்தாலும் புதுமை கெட்டது. தீபாவளிச் சந்தையின் 495 டாலருக்கு இந்தியச் சந்தையை விற்றுவிட்டேன் என்று சொல்லலாம். இப்போது தமிழ்நாட்டில் அதே மாதிரி உழக்கு விற்கிறார்கள், நானே பார்த்தேன். ஒன்றும் செய்ய முடியாது. இங்கே இறக்குமதி செய்தால் மட்டும், அதுவும் பேட்டன்ட் காக்கும் பகுதி அதில் இருந்தால், கேட்கலாம். உருவத்துக்கான டிசைன் பேட்டன்ட்டும் கை நழுவியது. தற்காலிக விண்ணப்பத்தின் தேதி டிசைனுக்குச் செல்லாது என்பது எனக்கு 2023-ல்தான் தெரிந்தது. அதற்குள் விற்று ஓராண்டு தாண்டிவிட்டது.

முழு விண்ணப்பம் போட்டு, 2025 மே மாதம் பதில் வந்தது. எல்லாக் கோரிக்கையும், அதாவது இதெல்லாம் என் கண்டுபிடிப்பு என்று விண்ணப்பத்தில் எழுதிக் கேட்ட அம்சங்கள் எல்லாம், நிராகரிப்பு. ஒரு பழைய பிஸ்கட் அச்சு, அதோடு சொட்டாமல் நிற்கும் சிலிகான் துப்பாக்கி, இரண்டையும் சேர்த்தால் உங்கள் உழக்கு, தொழில் தெரிந்த யாருக்கும் தோன்றக்கூடியது. படித்துவிட்டு எனக்கே நியாயமாகப்பட்டது, நான் உண்மையிலேயே அந்தத் துப்பாக்கியைப் பார்த்துத்தானே செய்தேன். டாலஸ் மைய நூலகத்தில் பேட்டன்ட் தேடக் கற்றுக்கொடுக்கும் பிரிவு இருக்கிறது, இலவசம். முதலிலேயே அங்கே இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்திருந்தால் அந்தச் சொட்டாத துப்பாக்கி கண்ணில் பட்டிருக்கும். அம்மாவுக்குத்தான் கோபம். “மஞ்சளுக்குக் குடுத்தாங்கள்ல, உனக்கு என்னவாம்?” 1995-ல் மஞ்சள் புண் ஆற்றும் என்பதற்கு அமெரிக்கா பேட்டன்ட் கொடுத்ததும், இந்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களைக் காட்டி அதை ரத்து செய்ய வைத்ததும் அவர்களுக்கு நினைவிருக்கிறது. அதே நியாயம்தான் என் மேலும் திரும்பியது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளவில்லை.

வக்கீல் பரிசோதகரோடு போனில் பேச நேரம் வாங்கினார். அரை மணி நேரம், மரியாதையான பேச்சு. பென்சில் படத்து நாக்கு வேறு எங்கும் இல்லை என்று அதில் தெரிந்தது. கோரிக்கையை அதோடு சுருக்கினோம். ஆண்டு முடிவில் பேட்டன்ட் கிடைத்தது. முழு விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து இருபது ஆண்டு, இடையில் மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம். வக்கீல் செலவோடு ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. நாக்கை விட்டுவிட்டு மற்றதை யாரும் காப்பியடிக்கலாம். விலைக்குத் தகுந்ததா என்று கேட்டால், டிரேட்மார்க் கட்டாயம் ஆம், பேட்டன்ட் எனக்கு இன்னும் தெளிவில்லை.

பொடிச் செய்முறைக்கு மட்டும் எங்கும் விண்ணப்பம் போடவில்லை. போட்டால் அதை வெளியிட வேண்டும். அதை ரகசியமாக வைத்திருக்கும் வரை டெக்சஸின் 2013 தொழில் ரகசியச் சட்டமும் 2016 ஃபெடரல் சட்டமும் துணை நிற்கும். ரகசியம் காக்க நாம் முயன்றிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வேலைக்கு இருக்கும் இருவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். வறுத்த கலவையை மனைவி வாடகைச் சமையலறையில் தனியாகச் செய்து, ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் போட்ட டப்பாவில் வைப்பாள். என்னிடமும் கையெழுத்து வாங்கிவிட்டாள்.

போன தீபாவளிக்கு அம்மா வந்திருந்தார்கள். என் உழக்கைப் புது அச்சுத் தட்டோடு மேசையில் எடுத்து வைத்தேன். அவர்கள் ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த பழைய பித்தளை உழக்கைத்தான் எடுத்தார்கள். பட்டன் எல்லாம் கைக்கு வரவில்லையாம். பத்து முறுக்கு பிழிந்ததும் மணிக்கட்டு வலிக்கிறது என்று உழக்கை என் கையில் கொடுத்து, மீதியைப் பிழியச் சொன்னார்கள்.